எங்கள் பங்கு பிறந்த ஆண்டு எது? பாலக்காட்டுப் புறநகர்ப் பங்கு ஒன்றின் வரலாறு எழுத வழி கேட்கிறேன்

கேள்வி: கஞ்சிக்கோட்டுக்காரர்

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு நகருக்கும் வாளையாறு எல்லைக்கும் நடுவே அமைந்த ஒரு லத்தீன் வழிபாட்டு முறைக் கத்தோலிக்கப் பங்கை (ஒரு கோயிலையும் அதைச் சேர்ந்த மக்களையும் கொண்ட திருச்சபை அமைப்பை) சேர்ந்தவன் நான். கோயிலில் திருப்பலி தமிழிலும் மலையாளத்திலும் நடக்கிறது. வீடுகளில் பெரும்பாலும் தமிழ்தான். பங்கின் பொன்விழாவுக்கு ஒரு மலர் வெளியிடுவதென்று பங்குப்பேரவையில் முடிவாகி, வரலாற்றுப் பகுதியை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. எழுத உட்கார்ந்த பிறகுதான், ஐம்பதை எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது என்பதிலேயே ஊருக்குள் ஒரே பேச்சு இல்லை என்று தெரிந்தது.

மலம்புழா அணை கட்டப்பட்ட 1949 முதல் 1955 வரையிலான ஆண்டுகளில் கோவைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள், அணை முடிந்த பிறகும் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டதாகவும், அவர்களுக்காகத் தாய்ப்பங்கிலிருந்து ஒரு சாமியார் சைக்கிளில் வந்து ஓலைக் கொட்டகையில் பூசை வைத்ததாகவும், ஆகவே பங்கு அப்போதே தொடங்கிவிட்டதாகவும் பெரியவர்கள் சொல்கிறார்கள். கொட்டகை போய்ச் சுவர் எழுந்து கோயில் மந்திரிக்கப்பட்ட (புனிதப்படுத்தப்பட்ட) நாளைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது இன்னொரு தரப்பு. கஞ்சிக்கோட்டுக்குத் தொழிற்சாலைகள் வந்த எழுபதுகளில், கிளைப்பங்காக இருந்ததை ஆயர் தனிப்பங்காக அறிவித்த ஆண்டே சரி என்பது பங்குப்பேரவையின் எண்ணம்.

எங்கள் அலுவலகத்தில் உள்ள திருமுழுக்குப் பதிவேடு தனிப்பங்கான பிறகே தொடங்குகிறது. நிலத்தின் ஆதாரம் (பத்திரம்) ஒன்று நகலாக இருக்கிறது. பாதி எழுத்து மங்கிவிட்டது. கோயில் முகப்பில் இருந்த கல்வெட்டின் மேல் யாரோ ஒரு திருவிழாவுக்குச் சுண்ணாம்பு அடித்து, அடுத்த திருவிழாவுக்கு அதன் மேல் பெயிண்டும் அடித்துவிட்டார்கள். 2013 வரை நாங்கள் கோவை மறைமாவட்டம், இப்போது சுல்தான்பேட்டை. எந்த ஆயர் இல்லத்தில் போய்க் கேட்பது என்பதும் குழப்பமாக இருக்கிறது. இதற்கு நடுவே, ஒரு காலத்தில் எங்களோடு ஒரே கோயிலில் பூசை கண்ட சீரோ மலபார் (கத்தோலிக்கத் திருச்சபையின் இன்னொரு வழிபாட்டு முறை) குடும்பங்கள் பின்னர் தங்களுக்கென்று கோயில் கட்டிக்கொண்டு போனார்கள். அவர்களை இந்த வரலாற்றில் எந்த இடத்தில் வைப்பது என்றும் புரியவில்லை. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: கோவைப் பழைய எழுத்தர்

ஐயா, கோவை மறைமாவட்டத்துப் பங்கு அலுவலகங்களில் நெடுங்காலம் எழுத்தராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் ஊரார் மூன்று வெவ்வேறு நிகழ்ச்சிகளின் தேதிகளைச் சொல்கிறார்கள். மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். பங்கு என்ற சட்டப்படியான அமைப்பு பிறப்பது ஆயரின் ஆணையால் மட்டுமே. இன்றைய திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 515-ஆம் பிரிவு, ஒரு பங்கை ஏற்படுத்தும், கலைக்கும், மாற்றியமைக்கும் அதிகாரத்தை மறைமாவட்ட ஆயரிடமே வைத்து, குருக்கள் மன்றத்தின் கருத்தைக் கேட்ட பின்பே அதைச் செய்ய வேண்டும் என்கிறது. இந்தத் தொகுப்பு 1983 நவம்பர் 27 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. எழுபதுகளில் பிரிந்த உங்கள் பங்குக்கு 1917-ஆம் ஆண்டுத் தொகுப்பே பொருந்தியிருக்கும். அதன்படியும் ஆயர் எழுத்து மூலம் ஆணையிட்டே ஒரு பங்கிலிருந்து இன்னொன்றைப் பிரிக்க முடியும். ஆகவே பொன்விழா என்று கொண்டாடினால் பங்குப்பேரவை சொல்லும் ஆண்டுதான் முறை. அதற்காக வரலாற்றையும் அந்த ஆண்டிலேயே தொடங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை; கொட்டகைப் பூசையிலிருந்தே தொடங்குங்கள்.

ஆணையைத் தேட வேண்டிய இடம் கோவை. உங்கள் பகுதி 2013 டிசம்பர் 28 அன்று சுல்தான்பேட்டை மறைமாவட்டம் உருவாகும் வரை கோவையின் கீழ் இருந்ததால், எழுபதுகளில் கையெழுத்திட்டவர் கோவை ஆயர். 1972 முதல் 1979 வரை அந்தப் பொறுப்பில் இருந்தவர் ஆயர் மனுவேல் விசுவாசம். அவருக்கு முன் 1940 முதல் 1971 வரை இருந்தவர், கோவையின் முதல் இந்திய ஆயரான உபகாரசாமி பெர்னதோத். உங்கள் ஆணை இவ்விருவரில் யாருடைய காலத்தது என்று தெரிந்தாலே தேடும் கோப்புகள் பாதியாகக் குறைந்துவிடும். சுல்தான்பேட்டை பிரிந்தபோது பங்குகளுக்குரிய கோப்புகள் அங்கே சென்றிருக்கவும் கூடும். எனவே இரண்டு செயலகங்களுக்கும் ஒரே நேரத்தில், பங்குத்தந்தையின் கையெழுத்தோடு எழுதுவதே நல்லது. பங்குப்பேரவைத் தலைப்பில் பொதுமக்கள் எழுதும் கடிதத்தை விடப் பங்குத்தந்தையின் கடிதத்துக்கு விரைவாகப் பதில் வரும் என்பது என் அனுபவம்.

கோயில் மந்திரித்ததற்கும் ஒரு பத்திரம் எழுதப்பட வேண்டும். அதில் ஒரு படி ஆயர் இல்லத்திலும் ஒரு படி கோயிலிலும் இருக்க வேண்டும் என்பது சட்டம். கல்வெட்டைச் சுரண்டிப் பார்ப்பதற்கு முன் அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

தாய்ப்பங்கின் பழைய காலத்தையும் சேர்த்து எழுதுவதாக இருந்தால் இன்னும் பின்னால் போக வேண்டும். பாண்டிச்சேரியிலிருந்து பிரிக்கப்பட்ட கோவைப் பணித்தளத்தின் பொறுப்பை ஏற்ற தெ மரியோன் பிரெசியாக், 1846 அக்டோபர் 4 அன்று கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1850-இல் கோவை முழு அளவிலான அப்போஸ்தலிக்க விகாரியத்து (மறைமாவட்டமாவதற்கு முந்தைய நிலை) ஆனது. 1886 செப்டம்பர் 1 அன்று, திருத்தந்தை பதின்மூன்றாம் லெயோ இந்தியாவுக்கு ஆயர் ஆட்சி முறையை ஏற்படுத்தியபோது, மறைமாவட்டமானது. இந்தக் காலம் முழுவதும் இங்கே உழைத்தவர்கள் பெரும்பாலும் பாரிஸ் வெளிநாட்டு மறைப்பணிச் சபையினர். அவர்கள் ஆண்டுதோறும் பாரிசுக்கு அனுப்பிய பணி அறிக்கைகள் இன்றும் அங்கே அவர்களுடைய ஆவணக் காப்பகத்தில் உள்ளன; கணிசமான பகுதி இணையத்திலும் கிடைக்கிறது. எல்லாம் பிரெஞ்சில் இருக்கும். அந்தக் காலத்துப் பழைய கோயில்களுக்குப் பங்கு ஆணை என்று ஒன்றைத் தேடி அலைய வேண்டாம். அவை பணித்தளங்களாகத் தொடங்கிப் பின்னாளில் பங்குகளாக ஏற்கப்பட்டவை.

பதில்: சித்தூர் ஆசிரியை

எழுத்தர் ஐயா ஆணையைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டார். பங்கு வளர்ந்த கதை ஆணையில் இருக்காது, பதிவேட்டில்தான் இருக்கும் என்பதால் அதைப் பற்றி நான் எழுதுகிறேன். எங்கள் ஊர்ப் பங்கு வரலாற்றுக்காகப் பங்குத்தந்தையின் அனுமதியோடு தாய்ப்பங்கின் திருமுழுக்கு ஏடுகளைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

ஐம்பதுகளின் ஏடு என்றால் பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். பயப்பட வேண்டாம், எல்லாப் பக்கத்திலும் அதே பத்துப் பன்னிரண்டு சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும், இரண்டு பக்கம் பார்ப்பதற்குள் கண்ணுக்குப் பழகிவிடும். குழந்தையின் பெயர், பிறந்த நாள், பெற்றோர், ஞானப்பெற்றோர், திருமுழுக்கு அளித்த குரு ஆகியவற்றைத் தாண்டி, பெற்றோரின் வசிப்பிடத்துக்கும் தொழிலுக்கும் கட்டம் இருக்கும். வரலாறு எழுதுபவருக்கு அந்த இரண்டு கட்டங்கள்தான் புதையல். நான் பார்த்த ஏட்டில் ஊதா மையில் வசிப்பிடம் ‘கேம்ப்’ என்றும், தொழில் ‘மேஸ்திரி’, ‘கூலி’ என்றும் பக்கம் பக்கமாக வருகிறது. பிறகு ‘கேம்ப்’ மறைந்து ஊர்ப்பெயர்கள் வருகின்றன. வந்தவர்கள் குடியேறிவிட்டார்கள் என்பதற்கு அதை விட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை. எழுபதுகளுக்கு வந்தால் பால்பாயிண்ட் பேனா. வசிப்பிடம் ‘குவார்ட்டர்ஸ்’, தொழில் ‘பிட்டர்’, ‘ஆபரேட்டர்’. உங்கள் பகுதியில் இன்ஸ்ட்ருமென்டேஷன், ஐ.டி.ஐ. (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) ஆகிய மத்திய அரசு ஆலைகள் வந்ததும், எண்பதுகளில் வாளையாற்றில் மலபார் சிமெண்ட்ஸ் உற்பத்தி தொடங்கியதும் உங்கள் ஏட்டிலும் இப்படித்தான் பதிந்திருக்கும். கூலிக்கு வந்தவர்களின் கிளைப்பங்கு, மாதச் சம்பளக்காரர்கள் வந்து சேர்ந்த பிறகுதான் ஒரு குருவை உடன் வைத்துப் பராமரிக்கும் நிலைக்கு உயர்ந்தது என்று நான் நினைக்கிறேன். உங்கள் பங்கிலும் அப்படித்தானா என்பதை அந்தத் தொழில் கட்டத்தை எண்ணிப் பார்த்தால் நீங்களே சொல்லிவிடலாம்.

அடுத்தது ஓரக்குறிப்பு. 1908 உயிர்ப்புப் பெருவிழாவிலிருந்து, ஒருவருடைய திருமணத்தை அவர் திருமுழுக்குப் பெற்ற கோயிலின் ஏட்டில் குறித்து வைக்க வேண்டும் என்ற விதி உண்டு. வேறு பங்கில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்துத் திருமணம் முடிந்தால், அங்கிருந்து அறிவிப்பு வந்து, இங்கே ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதப்படும். அந்தக் குறிப்புகளில் உள்ள ஊர்ப்பெயர்களை மட்டும் தனியே எழுதி வந்தேன்: போத்தனூர், மதுக்கரை, கோவை, பொள்ளாச்சி என்று கிழக்கே நீண்டுகொண்டே போனது, எழுபதுகளின் இறுதியில்தான் மேற்கே திருச்சூர்ப் பக்கத்து ஊர்கள் தலைகாட்டின. 1956 நவம்பர் 1 அன்று கேரள மாநிலம் உருவாகி எல்லைக்கோடு போடப்பட்டாலும், பெண் கொடுத்துப் பெண் எடுத்த கணக்கு ஒரு தலைமுறைக்கு மேல் வாளையாற்றைத் தாண்டியே இருந்தது என்பதை எந்த அரசு ஆவணமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

தாய்ப்பங்கின் ஏடு கரையான் அரித்துப் போயிருந்தாலும் வழி இருக்கிறது. 1917 தொகுப்பின் 470-ஆம் பிரிவுப்படி, பங்கு ஏடுகளின் ஒரு படியை ஆண்டு இறுதியில் ஆயர் இல்லத்துக்கு அனுப்ப வேண்டும். எல்லாப் பங்குத்தந்தையரும் ஒழுங்காக அனுப்பினார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டுப் பார்ப்பதில் நட்டம் ஒன்றுமில்லை.

பதில்: வாளையாற்று வாசகர்

ஒரு வேண்டுகோள் மட்டும். நம் பக்கத்தில் வெளியாகும் விழா மலர்களைப் புரட்டினால், திருத்தந்தை, ஆயர், பங்குத்தந்தை ஆகியோரின் வாழ்த்துச் செய்திகள், அதுவரை இருந்த பங்குத்தந்தையரின் பெயர்ப்பட்டியல், நகைக்கடை விளம்பரம், அதற்குப் பிறகு மீண்டும் நகைக்கடை விளம்பரம் என்று முடிந்துவிடுகிறது. கொட்டகைக் காலத்தில் சாமியார் வராத ஞாயிறுகளில் செபமாலை சொல்லி, பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்து, சாகக்கிடப்பவர் வீட்டுக்கு முதலில் ஓடியவர் உபதேசியார்தான். பல ஊர்களில் அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஞானப்பெற்றோர் கட்டத்தில் ஒரே பெயர் அடிக்கடி வந்தால் அது பெரும்பாலும் உபதேசியாராகவோ அவர் மனைவியாகவோ இருக்கும். ஊர்ப் பெரியவர்களிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

பதில்: ஆதாரம் எழுதுபவர், பாலக்காடு

நிலத்தைப் பற்றியும் சீரோ மலபார் குடும்பங்களைப் பற்றியும் யாரும் தொடாததால் சொல்கிறேன். உங்கள் இடம் பழைய பாலக்காடு தாலுக்காவைச் சேர்ந்தது என்றால், 1956 வரை அது சென்னை மாகாணத்து மலபார் மாவட்டம். ஆசிரியை அவர்களுடைய சித்தூரோ கொச்சி சமஸ்தானத்து மண். ஆகவே அவருடைய ஊருக்குப் பொருந்தும் பழைய வருவாய் ஏடுகளின் முறை உங்களுக்குப் பொருந்தாது. இதைக் கவனிக்காமல் தேடுபவர்கள் நடையாய் நடந்து சலித்துப் போகிறார்கள்.

கையில் உள்ள ஆதாரம் மங்கியிருந்தால், அதில் எண்ணும் ஆண்டும் சப்ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தின் பெயரும் தெரிந்தால் போதும். அந்த அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். அதில் முன்னாதாரத்தின் குறிப்பு இருக்கும். அதைப் பிடித்துப் பின்னோக்கிப் போகலாம். நிலம் கோவை ஆயரின் பெயரில் வாங்கப்பட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். வில்லேஜ் ஆபீசில் போக்குவரவு (பெயர் மாற்றம்) எப்போது செய்யப்பட்டது, கரமடைத்த (வரி கட்டிய) ரசீது யார் பெயரில் இருக்கிறது என்பவற்றையும் பாருங்கள். கோயில் எழுந்த இடம் ஒரு ஜன்மியிடம் (நிலவுடைமையாளரிடம்) பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்ததாக இருந்தால் கிரய ஆதாரமே இல்லாமலும் இருக்கலாம். 1970 ஜனவரி 1 முதல் கேரளத்தில் குத்தகை முறை ஒழிக்கப்பட்டு, லேண்ட் டிரிபியூனல் வழியாகக் குத்தகையாளர்களுக்குப் பட்டயம் வழங்கப்பட்டதால், அந்த வழியிலும் ஒரு சான்று இருக்கக் கூடும். கோயில் நிலத்தில் குடிசை போட்டிருந்த குடும்பங்களுக்கு அதே சட்டம் குடிகிடப்பு உரிமையாகப் பஞ்சாயத்துப் பகுதியில் பத்து சென்ட் வரை விலைக்கு வாங்க வழி செய்தது. கோயிலைச் சுற்றி நெருக்கமாக நம் ஆட்களின் வீடுகள் இருப்பதற்குப் பல ஊர்களில் இதுவும் ஒரு காரணம். மலரில் இதை எழுதத் தயங்குவார்கள். என் கருத்தில் கட்டாயம் எழுத வேண்டிய பகுதி இதுதான்.

சீரோ மலபார் குடும்பங்களைப் பொறுத்தவரை, ‘நம்மை விட்டுப் பிரிந்து போனார்கள்’ என்று எழுதிவிடாதீர்கள். திருவிதாங்கூர்ப் பகுதியிலிருந்து பாலக்காட்டு மலையடிவாரத்துக்குக் குடியேறியவர்களுக்கு முதலில் திருச்சூர் மறைமாவட்டம்தான் பொறுப்பு. 1974-இல் அதிலிருந்து பாலக்காடு சீரோ மலபார் மறைமாவட்டம் தனியாக ஏற்பட்டது. அதிலிருந்து 2010-இல் கோவையை மையமாகக் கொண்டு ராமநாதபுரம் மறைமாவட்டம் பிரிந்தது. (சேதுக்கரை ராமநாதபுரம் என்று எண்ணி ஒருவர் அங்கே கடிதம் அனுப்பியதை நான் அறிவேன், இது கோவை நகரின் ராமநாதபுரம்.) அருகில் தங்கள் கோயில் இல்லாத காலத்தில் லத்தீன் கோயிலில் பூசை கண்டாலும், பிள்ளைகளுக்கு அங்கேயே திருமுழுக்குக் கொடுத்தாலும், அவர்கள் தங்கள் பெற்றோரின் வழிபாட்டு முறையையே சேர்ந்தவர்கள், எவ்வளவு காலம் வேறு முறையில் அருட்சாதனங்களைப் பெற்றாலும் அதனால் முறை மாறிவிடாது என்று இன்றைய திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 112-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. எனவே அவர்கள் தங்களுக்கென ஒரு கோயில் வரும் வரை உங்களோடு ஒரு கூரையைப் பகிர்ந்துகொண்டவர்கள். உங்கள் குடும்ப எண்ணிக்கை எழுபதுகளின் நடுவில் திடீரென்று குறைந்ததாக ஏடு காட்டினால், பாதிப் பேர் விசுவாசத்தை விட்டுவிட்டதாக முடிவு கட்டாமல் முதலில் இந்தக் காரணத்தைச் சரிபாருங்கள்.

மறுமொழி: கஞ்சிக்கோட்டுக்காரர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பங்குத்தந்தையிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். இரண்டு ஆயர் இல்லங்களுக்கும் எழுத ஒப்புக்கொண்டார். தாய்ப்பங்கின் ஏட்டைப் பார்க்கவும் பேசியிருக்கிறார். ஒரு ஐயம் மட்டும்: ஏட்டில் காணும் முதல் திருமுழுக்குகளைப் பெயரோடு மலரில் அச்சிடலாமா? பேரப்பிள்ளைகள் மகிழ்வார்கள் என்று பேரவையில் சொல்கிறார்கள்.

பதில்: கோவைப் பழைய எழுத்தர்

ஐயா, முதல் ஒன்றிரண்டு பெயர்களை, அந்தக் குடும்பத்தாரிடம் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு போடலாம். ஏட்டின் பக்கத்தைப் படமெடுத்து அப்படியே அச்சிடுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். தந்தையின் பெயர் இல்லாத பதிவுகளும், பிற்காலத்தில் திருமணம் செல்லாது என்று அறிவிக்கப்பட்ட ஓரக்குறிப்புகளும், தத்துக் கொடுத்த விவரங்களும் அதே பக்கத்தில் இருக்கும். ஒரு பெயருக்காக எடுத்த படத்தில் பக்கத்துப் பெயரின் கதையும் ஊருக்குத் தெரிந்துவிடும். ஆசிரியை சொன்னது போல வசிப்பிடம், தொழில், ஓரக்குறிப்பில் உள்ள ஊர்கள் ஆகியவற்றை ஐந்தாண்டுகளுக்கு ஒரு தொகுதியாக எண்ணி அட்டவணையாகப் போட்டால் யாருடைய பெயரும் தேவைப்படாது. கோவைக்கு எழுதும்போது தாய்ப்பங்கின் பெயரையும், கிளைப்பங்காக இருந்த காலத்தில் உங்கள் ஊர் வேறு பெயரில் குறிக்கப்பட்டிருந்தால் அந்தப் பெயரையும் மறக்காமல் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்; கோப்புகள் பெரும்பாலும் தாய்ப்பங்கின் பெயரிலேயே கட்டி வைக்கப்பட்டிருக்கும்.